பில்லியன் என்றால் எவ்வளவு?

சொற்களின் பொருள் காலத்துக்குக் காலம் மாறும் என்பது நாம் அறியாத செய்தியன்று. 'நாற்றம்' என்று முன்னோர் சொன்னபோது மலரின் மணம் கமழ்ந்தது. இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கின்றோம். ஆயினும் எண்ணைக் குறிக்கும் சொற்களுக்கு இத்தகைய விபத்து நேராது என்பதே நம்மிற் பெரும்பாலோரின் எண்ணம். ஐந்து என்றால் ஐந்துதான். அது யாழ்ப்பாணத்திலும் ஐந்து, இலண்டனிலும் ஐந்து. நேற்று ஐந்தாக இருந்தது இன்று ஏழாகிவிடுமா?

ஆகாது. ஆனால் நேற்று இலட்சம் கோடியாக இருந்த ஒன்று இன்று நூறு கோடியாகிவிட்டது. அதன் பெயர் 'பில்லியன்'. பாட்டனார் காலத்தில் இலண்டனில் அச்சான ஆங்கில அகராதி வீட்டு அலுமாரியில் இருக்குமாயின் அதனை எடுத்துப் பாருங்கள். பில்லியன் என்பது பத்து இலட்சத்தைப் பத்து இலட்சத்தாற் பெருக்கி வரும் தொகை என்று அதிற் காணப்படும். பேரன் பாடசாலைக்குக் கொண்டு செல்லும் அகராதியிலோ, அது பத்து இலட்சத்தை ஆயிரத்தாற் பெருக்கி வரும் தொகை என்றிருக்கும். முன்னதில் ஒன்றுக்குப் பின் 12 பூச்சியங்கள், பின்னதில் 9. இரண்டும் அச்சுப்பிழையல்ல. இரண்டும் தத்தம் காலத்திற் சரியானவையே.

மூன்று பூச்சியங்கள்தானே என்று எண்ணிவிடலாகாது. கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரு மில்லியன் வினாடி என்பது 11 நாளும் 13 மணியும் 46 நிமிடமும் 40 வினாடியும் ஆகும். ஒரு பாடசாலை விடுமுறைக்கு அளவானது. இன்றைய பில்லியன் வினாடி, அதாவது நூறு கோடி வினாடி, ஏறக்குறைய 31 ஆண்டும் 8 மாதமும். பிறந்த குழந்தை வளர்ந்து படித்து உத்தியோகம் பார்த்துத் தானும் ஒரு குழந்தையைக் கையில் ஏந்தும் காலம். பழைய ஆங்கிலப் பில்லியன் வினாடியோ 31,688 ஆண்டுகள்! மனிதன் நெல்லும் கோதுமையும் விதைக்கக் கற்பதற்கு வெகு காலம் முன்னே, குகைச் சுவரிற் சித்திரம் வரைந்திருந்த காலத்துக்கு அது நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரே சொல், ஒரு பொருளில் ஒரு தலைமுறை, மறு பொருளிற் கற்காலம்.

இந்தக் குழப்பம் எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய ஐந்து நூற்றாண்டுக்குமேற் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் 'மில்லியன்' என்னுஞ் சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். இத்தாலிய மொழியில் ஒரு பொருள் பெரியது என்று காட்ட அதன் பெயரின் ஈற்றில் 'ஓனே' என்று ஒரு விகுதி சேர்ப்பர். ஆகவே 'மில்லியோனே' என்பது 'பெரிய ஆயிரம்' என்று பொருள்படும். உரோமர்களுக்கு ஆயிரத்துக்கு அப்பாற் தனிப்பெயர் தேவைப்படவில்லை. பெருந்தொகை வந்தால் ஆயிரங்களை அடுக்கிச் சொல்லிக் காலத்தைக் கழித்தனர். இடைக்காலத்தில் வாணிகத்திற் சிறந்து விளங்கிய இத்தாலிய நகரங்களிற் பிறந்த அந்தப் பெரிய ஆயிரம் பிரெஞ்சு மொழிக்கும், அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. இதிற் சச்சரவு ஏதுமில்லை. மில்லியன் என்றால் எங்கும் பத்து இலட்சமே.

சச்சரவு அடுத்த படியிலே தொடங்குகின்றது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிக்கொலா ஷூக்கே என்றொருவர் வாழ்ந்தார். வைத்தியம் பயின்றவர், கணிதத்தில் மெத்த ஆர்வமுடையவர். 1484ஆம் ஆண்டில் எண்ணியலைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். அதிலே பெரிய எண்களுக்குப் பெயர் சூட்டும் வழியொன்றைக் கூறினார். நீண்ட எண்ணை வலப்புறமிருந்து ஆறு ஆறு இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். முதற் பிரிவின் அப்பால் மில்லியன். இரண்டாவதன் அப்பால் பில்லியன். மூன்றாவதன் அப்பால் திரில்லியன். இப்படியே நான்கு, ஐந்து, ஆறு என்று இலத்தீன் எண்களின் முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாம். 'பி' என்றால் இரண்டு. மில்லியனை இருமுறை வைத்துப் பெருக்கினாற் பில்லியன். மும்முறை வைத்துப் பெருக்கினாற் திரில்லியன். பெயரே கணக்கைச் சொல்லிவிடும். பொருத்தமான பெயர் என்று நாமும் தலையசைக்க வேண்டியதுதான்.

ஷூக்கேயின் நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கைவசம் வைத்திருந்த எஸ்தியென் தெ லா றொஷ் என்பார் 1520இல் தாம் வெளியிட்ட கணித நூலில் அதன் பெரும் பகுதியை எடுத்தாண்டார். மூலநூல் உலகத்துக்குத் தெரியவந்தது 1880ஆம் ஆண்டளவிலேதான். பில்லியனுக்கு இலக்கணம் வகுத்தவருடைய பெயர் நானூறு ஆண்டு ஏட்டுக்குள்ளேயே உறங்கிற்று. அவர் வகுத்த சொற்களோ அதற்குள் உலகைச் சுற்றி வந்து பொருளும் மாறிவிட்டன.

ஆங்கிலேயர் இச்சொற்களை ஷூக்கே கருதிய பொருளிலேயே முதலில் ஏற்றனர். இதற்குச் சான்று தருபவர் மெய்யியல் அறிஞர் ஜோன் லொக். 1690 என்று ஆண்டு பொறித்து வெளிவந்த, மனித அறிவைப் பற்றிய தமது பெருநூலில் எண்ணுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றார். பெயர் இல்லாத எண்ணை மனம் பற்றிக்கொள்ள முடியாது என்பது அவருடைய வாதம். பிரேசில் நாட்டின் தூப்பினம்பா மக்களிடம் ஐந்துக்கு மேற்பட்ட எண்களுக்குப் பெயர் இல்லை என்றும், அதற்கு மேற்பட்ட தொகையைத் தம் விரல்களையும் அருகில் நிற்போர் விரல்களையும் காட்டியே அவர்கள் உணர்த்தினர் என்றும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். பிறகு, நாமும் பெயர்களைக் கூட்டிக்கொண்டால் இன்னும் தெளிவாக எண்ணலாம் என்று சொல்லி, அறுபது இலக்கங்கொண்ட ஓர் எண்ணை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தின் தலையிலும் மில்லியன், பில்லியன், திரில்லியன் முதலிய பெயர்களை எழுதிக் காட்டுகின்றார். பெயர் இருந்தால் தெளிவு பிறக்கும் என்றார் லொக். ஒரே பெயர் இரண்டு எண்களுக்கு வந்து வாய்த்தால் என்ன பிறக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

தேவை பிறகு ஏற்பட்டது. அதற்குக் காரணம் கால்புள்ளி. நீண்ட எண்ணை எழுதும்போது மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் குறியிடும் வழக்கம் ஐரோப்பாவிற் பரவிற்று. கண்ணுக்கு ஆறு இலக்கத்தைவிட மூன்று இலக்கம் எளிது. 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக் கணக்காசிரியர் சிலர், எழுத்தில் மூன்றாகப் பிரிக்கின்றபோது பெயரை மட்டும் ஏன் ஆறுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கருதினர் போலும். ஒவ்வொரு கால்புள்ளிக்கும் ஒரு புதுப்பெயர் என்று வைத்துக்கொண்டனர். ஆயிரம், மில்லியன், அதற்கு அடுத்த கால்புள்ளியிற் பில்லியன். இப்படியாக ஷூக்கேயின் பில்லியன் அவருடைய சொந்த நாட்டிலேயே ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. இந்தப் புது முறையில் 'பி' என்னும் முன்னொட்டுக்கு நேரான பொருள் இல்லை. ஆயிரத்தை மேலும் இருமுறை ஆயிரத்தாற் பெருக்கினால் இந்தப் பில்லியன் வரும் என்று சுற்றிவளைத்துச் சமாதானம் சொல்லலாம், அவ்வளவே.

இந்தச் சுருங்கிய பில்லியன் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தது. ஹாவார்ட் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்த ஐசாக் கிரீன்வூட் 1729இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட கணித நூலில் அது காணப்படுகின்றது. அப்போது அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடு. ஆள்பவர் ஒரு கணக்கையும் ஆளப்படுபவர் மறு கணக்கையும் பயின்றனர். நூறு கோடி என்னும் தொகையை நாளாந்த வாழ்க்கையில் எவரும் கண்ணாற் காணாத காலமாகையால் அதனால் யாருக்கும் கெடுதி விளையவில்லை.

ஆறிலக்க முறையைக் கைவிடாத ஐரோப்பியர், மில்லியனுக்கும் பில்லியனுக்கும் இடையில் உள்ள பெரிய இடைவெளியை நிரப்ப 'மில்லியார்' என்றொரு சொல்லை வழங்கினர். ஜேர்மனியர் அதனை 'மில்லியார்டே' என்பர். நூறு கோடிக்கு அது பெயர். 1871இல் ஜேர்மனியரிடம் தோல்வியுற்ற பிரான்சு கட்டவேண்டி வந்த தண்டம் ஐந்து மில்லியார் பிராங்கு, அதாவது 500 கோடி. ஆங்கிலேயரும் இந்தச் சொல்லை அறிந்திருந்தும் அது அவர்கள் நாவில் நிலைக்கவில்லை. 'ஆயிரம் மில்லியன்' என்று நீட்டிச் சொல்வதே அவர்களுக்கு உவப்பாயிருந்தது. அந்தச் சொல்லை மட்டும் அவர்கள் ஏற்றிருந்தால் இக்கட்டுரைக்கே வேலையிருந்திராது.

இரண்டு உலகப் போர்களும் நிலைமையை மாற்றின. அரசாங்கங்களின் செலவு ஆயிரம் மில்லியன்களில் ஓடத் தொடங்கிற்று. டொலர் உலக நாணயமாயிற்று. அமெரிக்கரின் செய்தி நிறுவனங்களும் வங்கிகளும் விஞ்ஞான நூல்களும் அமெரிக்கப் பில்லியனையே உலகெங்கும் கொண்டு சென்றன. இலண்டனில் இருந்தோர் செய்தித்தாளைப் பிரிக்கும்போதெல்லாம், இது எந்தப் பில்லியன் என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியதாயிற்று.

ஈற்றில் இது பாராளுமன்றத்துக்கே வந்தது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி, ரொபின் மக்ஸ்வெல் ஹிஸ்லொப் என்னும் அங்கத்தவர் பிரதமரிடம் ஒரு கேள்வி விடுத்தார். அமைச்சர்கள் பில்லியன் என்னுஞ் சொல்லை அதன் பிரித்தானியப் பொருளில், அதாவது மில்லியன் மில்லியன் என்னும் பொருளில் மாத்திரமே ஆளவேண்டுமென்று பிரதமர் உறுதி செய்வாரா என்பதே கேள்வி. பிரதமர் ஹரோல்ட் வில்சன் எழுத்து மூலம் மறுத்துவிட்டார். இன்று உலகெங்கும் ஆயிரம் மில்லியன் என்னும் பொருளிலேயே அச்சொல் வழங்குகின்றது. நம் அமைச்சர் மட்டும் வேறு பொருளில் ஆண்டாற் குழப்பமே விளையும் என்பது அவர் தந்த விடையின் சாரம். ஆயினும் நாட்டிற் சிலர் அதனைப் பழைய பொருளிற் கொள்ளக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, ஐயத்துக்கு இடமில்லாமல் அதனைக் கையாளும்படி சக அமைச்சர்களைக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். போர் முழக்கமில்லை, சட்டமில்லை. ஒரு வினாவும் ஒரு விடையும். அவ்வளவில் ஆங்கில நாட்டு அரசாங்கத்தின் பில்லியன் மூன்று பூச்சியங்களை இழந்தது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், சுருங்கிய பில்லியனைப் பெற்று வளர்த்த பிரான்சு அதற்குள் மனம் மாறிவிட்டது. 1961ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையின்படி அந்நாடு ஷூக்கேயின் பழைய பொருளுக்கே திரும்பிற்று. பிரான்சு வீட்டுக்குத் திரும்பி வந்த பதின்மூன்றாம் ஆண்டில் இங்கிலாந்து வீட்டை விட்டு வெளியேறிற்று. ஒரே தெருவில் எதிரெதிராக நடந்து சென்ற இருவரைப் போல இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கடந்து சென்றன.

ஆகவே இந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிற் பில்லியன் என்பது இன்றும் இலட்சம் கோடியே. ஸ்பானிய மொழியிலும் அப்படியே. அங்கே நூறு கோடிக்கு ஒரு தனிச்சொல் வேண்டுமென்று வெனிசுவேலாவின் ஜனாதிபதி ரபாயேல் கல்தேரா கேட்டுக்கொண்டதன் பேரில், ஸ்பானிய மொழிக் கழகம் 'மில்லியார்தோ' என்னுஞ் சொல்லை 1995இல் ஏற்றுக்கொண்டது. போர்த்துக்கேய மொழியின் கதை இன்னும் விநோதமானது. போர்த்துக்கலிற் பில்லியன் இலட்சம் கோடி. அதே மொழி பேசும் பிரேசிலில் நூறு கோடி. ஒரே மொழி, ஒரே சொல், நடுவே ஒரு சமுத்திரம், மூன்று பூச்சியம்.

மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழும் இடம் இதுவே. வரலாற்று மாணவர்க்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1923இல் ஜேர்மனியின் மார்க் நாணயம் நாளுக்கு நாள் மதிப்பிழந்து சீரழிந்தது. முதல் உலகப் போருக்கு முன்னர் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.2 மார்க் கொடுத்த மக்கள், 1923 நவம்பர் மாதத்தில் அதே டொலருக்கு 4.2 'பில்லியன்' மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. இது ஜேர்மனியரின் பில்லியன்: 4.2 இலட்சம் கோடி. ஜேர்மன் நூலிற் கண்ட அச்சொல்லை அப்படியே பெயர்த்து, இன்றைய ஆங்கிலப் பொருளில் 420 கோடி என்று ஒரு மாணவன் எழுதிவிட்டால் அந்நாட்டு மக்கள் பட்ட பாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் அவன் எழுதியவனாவான். அந்த ஆண்டு நவம்பரில் வெளியான புதிய றென்டன்மார்க் ஒன்று பழைய மார்க் ஒரு பில்லியனுக்குச் சமம் என்று விதித்தனர். பன்னிரண்டு பூச்சியங்களை வெட்டியதும் டொலரின் விலை மீண்டும் 4.2 ஆயிற்று. அவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு அமைந்தமைக்குக் காரணம், ஜேர்மன் பில்லியனில் 12 பூச்சியங்கள் இருந்தமையே.

1924இல் ஜேர்மனியர் அச்சிட்ட நோட்டுகளில் மிகப் பெரியது '100 பில்லியன் மார்க்' என்று பெயர் பெற்றது. 2009 ஜனவரியில் ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாடு இதே துன்பத்துக்கு உள்ளாகி ஒரு பெரிய நோட்டை வெளியிட்டது. அதன் பெயர் '100 திரில்லியன் டொலர்'. ஒன்று பில்லியன், மற்றது திரில்லியன். இரண்டிலும் 100க்குப் பின் உள்ள பூச்சியங்களை எண்ணினால் பன்னிரண்டே. இரண்டும் ஒரே எண்.

ஹங்கேரியர் இவ்விருவரையும் விஞ்சிவிட்டனர். 1946இல் அவர்கள் புழக்கத்துக்கு விட்ட ஒரு நோட்டின் பெயர் 'நூறு மில்லியன் பி. பெங்கோ'. இந்தப் 'பி.' என்னும் ஓரெழுத்துச் சுருக்கம் பில்லியனைக் குறிக்கும்; அதுவும் ஆறிலக்க முறைப் பில்லியன். நூறு மில்லியனின் எட்டுப் பூச்சியங்களோடு அந்தப் பன்னிரண்டையும் சேர்த்தால் ஒன்றுக்குப் பின் 20 பூச்சியங்கள். உலகிற் புழங்கிய நோட்டுகளில் அதனினும் பெரியது இல்லை. அத்தனை பூச்சியத்தையும் அச்சடிக்க மனம் வராமல் ஓரெழுத்துக்குள் ஒளித்துவிட்டனர் போலும். அந்த ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி போரின்ட் என்னும் புதுநாணயம் வந்து அந்தக் கூத்துக்கு முடிவு கட்டிற்று.

பணத்திற் பிழைத்தால் நட்டத்தோடு போகும். மருந்திலும் நீரிலும் பிழைத்தால்? குடிநீரிற் கலந்துள்ள நச்சுப் பொருளை அளப்போர் 'பில்லியனில் இத்தனை பங்கு' என்று சொல்வது வழக்கம. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்செனிக்கு நஞ்சுக்கு வகுத்துள்ள வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம், அதாவது நூறு கோடி மைக்கிரோகிராம். ஆதலால் இதனைப் 'பில்லியனில் 10 பங்கு' என்று சுருக்கிச் சொல்வர். இங்கே பில்லியனை ஜேர்மனியர் பொருளிற் கொண்டால் அளவு ஆயிரம் மடங்கு பிசகிவிடும். இதனாலேயே அளவையியல் வல்லோர் இச்சொல்லை விஞ்ஞானக் கட்டுரைகளில் ஆளாது, லீற்றருக்கு இத்தனை மைக்கிரோகிராம் என்றே எழுதுமாறு அறிவுறுத்துகின்றனர். நூறு கோடிக்குக் 'கிகா', இலட்சம் கோடிக்குத் 'தெரா' என்னும் முன்னொட்டுகள் 1960இல் அனைத்துலக அளவை முறையிற் சேர்ந்தன. அவற்றுக்கு எந்நாட்டிலும் ஒரே பொருள். கணினியும் கைத்தொலைபேசியும் வைத்திருக்கும் இளைஞர்க்கு இவ்விரண்டும் அன்றாடச் சொற்கள்.

கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் இச்சொல் ஆபத்தானது. மில்லியன், பில்லியன் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் பிரிப்பது முதலெழுத்து ஒன்றே. அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சேகன் 1980இல் தொலைக்காட்சியில் அண்டத்தைப் பற்றி விளக்கியபோது, கேட்போர் மில்லியன் என்று மயங்காதிருக்கும் பொருட்டுப் 'பி'யை அழுத்தி ஒலித்தார். அதனை ஒரு நகைச்சுவையாளர் பாவனை செய்து காட்ட, அந்த அழுத்தமே அவருடைய அடையாளமாகிவிட்டது. அந்நியச் செலாவணி வணிகர் இன்னும் எச்சரிக்கையானவர்கள். தொலைபேசியில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டாற் கோடிக்கணக்கிற் கையைக் கடிக்குமாகையால், நூறு கோடியை அவர்கள் 'யார்ட்' என்பார்கள். துணி அளக்கும் யாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலேயர் வேண்டாமென்று தள்ளிய மில்லியார்ட் என்னுஞ் சொல்லின் வால் அது. முன்வாசலால் அனுப்பிய விருந்தாளி பின்வாசலால் வந்து குசினியில் உட்கார்ந்துகொண்டார்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். நமக்கு இலட்சமும் கோடியும் இருக்கின்றன. மில்லியன் என்றால் 10 இலட்சம். இன்றைய பில்லியன் 100 கோடி. இன்றைய திரில்லியன் இலட்சம் கோடி. பழைய ஆங்கிலப் பில்லியனும் அதே இலட்சம் கோடிதான். ஐரோப்பியர் இரண்டு பொருளுக்கும் இடையில் மோதிக்கொண்டிருக்க, 'நூறு கோடி' என்றும் 'இலட்சம் கோடி' என்றும் நாம் சொல்லிவிட்டாற் கேட்பவருக்கு ஐயமே எழாது. ஆயினும் நம் நாட்டுச் செய்தியாளர் பலர் மில்லியனையும் பில்லியனையும் அப்படியே தமிழில் எழுதிவிடுகின்றனர். 2023 மார்ச்சு மாதத்திற் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு இணங்கிற்று. 300 கோடி டொலர் என்று எழுதியிருந்தாற் சந்தைக்குப் போகும் அம்மாளுக்கும் அது விளங்கியிருக்கும். பில்லியன் என்று எழுதுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. அடைப்புக்குள்ளாவது கோடிக் கணக்கைக் கொடுத்தால் என்ன என்றே கேட்கின்றோம்.

ஒன்று மட்டும் கவனத்திற்கொள்ள வேண்டும். நம் நாட்டிற் கால்புள்ளியை மூன்று மூன்று இலக்கத்துக்கு இடுகின்றோம். இந்தியாவில் முதல் மூன்று இலக்கத்துக்குப் பின் இரண்டிரண்டாக இடுவர். ஒரு கோடியை நாம் 10,000,000 என்றும் அவர்கள் 1,00,00,000 என்றும் எழுதுவர். எண் ஒன்றே. ஆனால் கால்புள்ளியை மட்டும் பார்த்து எண்ணைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் தடுமாறுவர். பூச்சியத்தை எண்ணுவதே உத்தமம்.

நமது கோடிக்கு இந்தச் சஞ்சலம் நேர்ந்ததேயில்லையா என்று ஒரு மாணவர் கேட்கலாம். நேர்ந்ததுண்டு, நம் நாட்டிலன்று, பாரசீகத்தில். கோடியின் இனத்ததாகிய 'கரோர்' என்னும் வட இந்தியச் சொல் பாரசீகத்துக்குச் சென்று 'கொரூர்' ஆயிற்று. அங்கே அதன் பொருள் ஐந்து இலட்சமே. 1828இல் உருசியரிடம் தோற்ற பாரசீகர் துருக்மன்சாய் உடன்படிக்கையின்படி கட்ட ஒப்புக்கொண்ட தண்டம் பத்துக் கொரூர் துமான். நம்மவர் அதனைப் படித்தாற் பத்துக் கோடி என்று மலைத்திருப்பர். உண்மையில் அது ஐம்பது இலட்சம். பயணம் போன சொல், போன இடத்தில் உடையை மாற்றிக்கொண்டது.

மாணவர்க்குப் பயன்படும் வழி ஒன்றுண்டு. ஆங்கில நூலிற் பில்லியனைக் கண்டால் முதலில் நூலின் முன்பக்கத்தைத் திருப்பி, எங்கே எப்போது அச்சாயிற்று என்று பாருங்கள். அமெரிக்க நூலாயின் பெரும்பாலும் நூறு கோடி எனக் கொள்ளலாம். இங்கிலாந்தின் நூல் 1974க்குப் பின் வந்ததாயின் பெரும்பாலும் நூறு கோடியே. அதற்கு முந்தியதாயின் அவசரப்படலாகாது. ஆதர் எடிங்டன் போன்ற ஆங்கில விஞ்ஞானிகள் இக்குழப்பத்துக்கு இடமளியாமல் 'ஆயிரம் மில்லியன்' என்றே விரித்து எழுதியிருப்பதையும் காணலாம். அப்படி விரித்து எழுதாத நூலாயின், ஆசிரியர் கூறும் வேறொரு தெரிந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்பதற்கு வானத்திலிருந்தே ஓர் உதாரணம் தருவோம். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது. மைற் கணக்கில் அதன் தூரம் ஏறக்குறைய 25 இலட்சம் கோடி. பழைய ஆங்கில நூலில் இதனை '25 பில்லியன் மைல்' என்று எழுதியிருந்தால், எழுதியவர் வழக்கப்படி அது முற்றிலும் சரி. அதனை இன்றைய பில்லியனாகக் கொண்டு 2,500 கோடி மைல் என்று படித்தாலோ, அந்த விண்மீன் புளூட்டோவைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு தூரத்தில் வந்து நின்றுவிடும். அதன் ஒளி நான்கு ஆண்டு பயணம் செய்யத் தேவையில்லை. இன்று காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் நாளை இரவு ஏழு மணிக்கு நம் முற்றத்துக்கு வந்துவிடும்.